லுசைல்ல 26-ஆம் தேதி எனக்கும் ஒரு இருக்கை (அர்ஜென்டினா – மெக்சிகோ)

நீரோடிப் பையன் | அல் வக்ரா, கத்தார் | 13 நவம்பர் 2022, இரவு 10.40

மக்களே, மூணு நாளா இதை ஆர்கிட்டயாவது உட்கார்ந்து முழுசா சொல்லணும்னு கிடக்கேன். கேம்ப்ல சொல்லியாச்சு, கீழ டீக்கடைச் சேட்டன்கிட்ட சொல்லியாச்சு, இன்னும் ஆறல. உலகக் கோப்பை கால்பந்துக்கு டிக்கெட் கிடைச்சிருச்சு. அர்ஜென்டினா – மெக்சிகோ, 26-ஆம் தேதி சனிக்கிழமை, இங்க ராத்திரி 10 மணி, லுசைல் ஸ்டேடியம்.

விலை 40 ரியால். நம்ம ஊர்க் கணக்குக்கு 900 ரூபாய் பக்கம். கத்தார் ஐடி உள்ளவங்களுக்குன்னே தனியா வச்ச நாலாவது கேட்டகரி சீட்டு இது. வெளிநாட்டுல இருந்து வாறவங்களுக்கு இதே ஆட்டம் குறைஞ்சது 250 ரியால். செப்டம்பர் கடைசியில விற்பனை மறுபடி தொடங்கின நாள்ல இருந்து, வேலை விட்டு வந்ததும் போனை வச்சுக்கிட்டு உட்காருவேன். வரிசையில நிக்கச் சொல்லும். என் முறை வரும்போது எல்லாம் தீர்ந்திருக்கும். 10-ஆம் தேதி ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரே ஒரு சீட்டு கண்ணுல பட்டுச்சு. கை நடுங்கி கார்டு நம்பரை ரெண்டு தடவை தப்பா அடிச்சேன். மூணாவது தடவை விழுந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல தூங்கிட்டு இருந்த நேபாளிப் பையனை எழுப்பிக் காட்டினேன். அவன் பாதித் தூக்கத்துல என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு மறுபடி படுத்துட்டான்.

எதுக்கு இவ்வளவு துள்ளல்னு கேட்டா, எங்க அப்பா கதையைச் சொல்லணும். 1986 ஜூன் 22. அப்பாவுக்கு அப்ப 19 வயசு. ஆனி மாசம், கடல் பெருத்துக் கிடக்கு, தொழில் இல்ல. பங்குக் கோயில் முற்றத்துல ஒரு கறுப்பு வெள்ளை டிவி, அதைச் சுத்தி ஊரே இருக்கு. நம்ம நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம். அர்ஜென்டினாவோட மரடோனா இங்கிலாந்துக்கு எதிரா நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே பந்தை எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தனா கழிச்சுப் போய்ப் போட்டாரே, அந்த இரண்டாவது கோல். அதைப் பாத்துட்டு அப்பாவும் கூட்டுக்காரங்களும் வீட்டுக்குப் போகல. விடியறவரைக்கும் கோயில் பின்னால மணல்ல அந்த ஓட்டத்தை ஓடிப் பாத்தாங்களாம். அன்னைக்குப் பிடிச்ச பிடி. இன்னைக்கும் எங்க வள்ளத்துக்கு நீலமும் வெள்ளையும்தான் அடிப்போம். அவங்க ஓடின அந்த மணல் இப்ப இல்ல. கடல் ஏறி ஏறி எடுத்துட்டுப் போச்சு, கல்லுதான் கிடக்கு.

நான் இங்க வந்து ஏழு வருஷம். ஏ.சி. மெக்கானிக். குடியிருக்கிற வக்ராவும் பழைய மீன்பிடி ஊருதான், முன்னால முத்துக்குளிக்கப் போனவங்க ஊரு. இங்க உள்ள ஜனூப் ஸ்டேடியத்தை சஹா ஹதீத் வரைஞ்சிருக்காங்க, பாய் விரிச்ச உருக் கப்பல் மாதிரி. வேலைக்குப் போற வழியில தினமும் அதைப் பாத்துட்டுத்தான் போவேன். ஒரு நாள்கூட உள்ள போனதில்ல. இப்ப அதைவிடப் பெரிய ஸ்டேடியத்துக்குள்ள, வேலைப் பை இல்லாம, டிக்கெட்டோட போகப் போறேன்.

போனவங்க, வந்தவங்க, விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எப்ப கிளம்பணும், என்ன கொண்டு போகணும், முக்கியமா அங்க உட்கார்ந்து எதைப் பாக்கணும்? ஒரு தடவைதான் கிடைக்கும்.


சூரைவலை | வள்ளவிளை | 14 நவம்பர், காலை 6.15

லேய் மக்கா! வாசிச்சிட்டு எனக்க உடம்பே சிலிர்த்துப் போச்சு. நான் பிரேசில் கட்சி, மஞ்சள்காரன்னு ஒனக்குத் தெரியும், எனக்க பிள்ளியளும் மஞ்சள்தான். ஆனா நம்ம கடப்புறத்துல இருந்து ஒருத்தன் லுசைல்ல போயி இருக்கப் போறான்னு கேக்கும்போ நிறமெல்லாம் பாக்க முடியாது.

இங்க இப்பமே தொடங்கியாச்சு. நீரோடியில இருந்து இரையுமன்துறை வரைக்கும் ரோட்டுக்கு மேல ஒரே கொடிதான். சின்னத்துறைக்காரங்க ஒரு பிளக்ஸ் வச்சா மறுநாள் தூத்தூர்க்காரங்க அதைவிட ரெண்டடி கூட்டி வைக்கினும். நாங்க போட்டு எடுத்துட்டு ஆழ்கடலுக்குப் போறோம், 24-ஆம் தேதி பிரேசில் ஆட்டம் பாக்க முடியாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ, எவ்வளவு தூரத்துல தங்கல் கிடந்தாலும் வள்ளத்துக்கு வள்ளம் வயர்லெஸ்ல கைமாறி கோல் வந்து சேரும். 2014-ல பிரேசில் தோத்த அந்த ஜெர்மனி ஆட்டத்துல ஏழு கோலும் எனக்கு அப்பிடித்தான் வந்துது. ஒவ்வொண்ணா.

நீ போய்ட்டு வந்து ஒண்ணும் விடாம எழுதணும், கேட்டியா.


தக்கலை அக்கா | 14 நவம்பர், இரவு 9.05

தம்பி, உங்க சந்தோஷத்துல மண் அள்ளிப் போட வரல. உங்க அப்பா கதை மனசைத் தொட்டுச்சு. ஆனாலும் இதைக் கேக்காம போக முடியல.

எங்க தெருவுல ஒரு பையன், 34 வயசு, அங்க கட்டட வேலைக்குப் போனான். நாலு வருஷம் முன்னால திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் பெட்டியாத்தான் வந்தான். மாரடைப்புன்னு ஒரே வரி. அவனுக்கு இதுக்கு முன்னால ஒரு தலைவலின்னுகூட வந்ததில்லைன்னு அவன் அம்மை இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. கார்டியன் பத்திரிகை 2021 பிப்ரவரியில எழுதினப்ப இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கைன்னு அஞ்சு நாட்டுக்காரங்க 6,500 பேர் 2010-க்கு அப்புறம் அந்த நாட்டுல செத்திருக்காங்கன்னு கணக்குப் போட்டுது. ஸ்டேடிய வேலையில விபத்துல செத்தது மூணு பேர், வேற காரணத்துல 37 பேருன்னு போட்டி நடத்துறவங்க சொல்றாங்க. இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல எத்தனை வீடு இருக்கு?

அந்த இருக்கையில உட்கார்ந்து உங்களால கை தட்ட முடியுமா?


பி.டி. வாத்தியார் | கோட்டாறு | 14 நவம்பர், இரவு 10.30

தக்கலைச் சகோதரியின் கேள்வி நியாயமானது. ஒரு விளக்கம் மட்டும்: 6,500 என்பது எல்லாத் தொழிலிலும் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்களின் எண்ணிக்கை. ஸ்டேடியங்களில் மட்டும் இறந்தவர்கள் அல்ல. ஆனால் இதனால் அந்த எண்ணின் கனம் குறைந்துவிடாது. பெரும்பாலான சான்றிதழ்களில் 'இயற்கை மரணம்' என்று எழுதி முடித்திருக்கிறார்கள், உடற்கூறு ஆய்வு செய்யவில்லை. ஐம்பது டிகிரி வெயிலில் வேலை செய்யும் இளைஞனின் இதயம் ஏன் நின்றது என்று யாரும் தேடவில்லை என்பதுதான் குற்றச்சாட்டின் மையம்.


அருமனை சாரக்காரன் | 15 நவம்பர், காலை 5.20

ரப்பர் வெட்டுக்குப் போறதுக்கு முன்னால எழுதுறேன். நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுறவன் இல்ல.

தம்பி போற அந்த லுசைல்ல நான் 2018-ல இருந்து ரெண்டு வருஷம் சாரம் கட்டினேன். மேல்தட்டு இருக்கைக்குக் கான்கிரீட் போட்ட இடம் பூரா எங்க கூட்டம் குழாய் ஏத்தின இடம்தான். வெயில் காலத்துல குழாயைக் கையுறை இல்லாமத் தொட்டா தோல் ஒட்டிக்கிடும். அப்ப மத்தியான வெயில்ல வேலை செய்யத் தடை பதினொன்றரையில இருந்து மூணு வரைக்கும்தான், அதுவும் ஜூன் பாதியில இருந்து ஆகஸ்ட் முடிய. 2021-லதான் காலை 10-ல இருந்து மூன்றரைன்னு கூட்டினாங்க. நான் அதுக்குள்ள வந்துட்டேன். கொரோனா நேரத்துல வந்தே பாரத் விமானத்துல ஒரே ஒரு பையோட வந்தேன். நாலு மாசச் சம்பளம் வர வேண்டியது இருந்துச்சு, அதுல ரெண்டு மாசம்தான் வந்துச்சு. அது போகட்டும்.

அக்கா கேட்டது சரிதான். என்கூட வேலை பாத்த ஒரு பீகார்க்காரனும் அப்பிடித்தான் போனான், ராத்திரி படுத்தான், காலையில எழும்பல. ஆனா அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா. கூரை வேலை நடந்துகிட்டிருந்தப்ப நான் அங்க இருந்தேன். சக்கரத்துக்கு ஆரக்கால் மாதிரி கம்பி வடத்தை நடுவுக்கு இழுத்துக் கட்டுற கூரை. ஒரு நாள் சாயங்காலம் மேல நின்னு கீழ பாத்தேன். புல் இல்ல, வெறும் மண்ணு. இதுல ஒரு நாள் ஆட்டம் நடக்கும், அதை நம்ம ஆளுவ ஒருத்தன் பாக்கணும்னு நெனச்சேன். நான் பாப்பேன்னு நெனக்கல, ஆராவது ஒருத்தன்.

தம்பி, நீ போ. போயி உட்கார்ந்து கை தட்டு. மேல பாத்துக் கூரையைப் பாரு. முடிஞ்சா உன் இருக்கையில இருந்து எதிர்ப் பக்கம் மேல்தட்டை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஆள் நிறைஞ்சு அதை நான் பாத்ததில்ல.


தக்கலை அக்கா | 15 நவம்பர், பிற்பகல் 1.10

அண்ணே, இதை வாசிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கேள்வி அப்படியேதான் இருக்கு, அதை நான் திரும்ப எடுக்கல. ஆனா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இந்தத் தம்பி இல்ல. தம்பி, போய்ட்டு வாங்க. அண்ணன் கேட்ட படத்தை மறந்துராதீங்க.


நீரோடிப் பையன் | 18 நவம்பர், இரவு 11.50

அண்ணே, படம் எடுக்காம வெளிய வரமாட்டேன். என் போன்ல அலாரம் மாதிரி போட்டு வச்சிருக்கேன்.

இன்னைக்கு வேற ஒரு வருத்தம். போன வாரம் நாங்க கொஞ்சம் பேர் தோஹா கடற்கரைச் சாலை கொர்னிஷ்ல ஜெர்ஸி போட்டு, மேளம் அடிச்சு ஊர்வலம் போனோம். மலப்புறத்துக்காரங்க, நம்ம கொல்லங்கோடு, புதுக்கடை ஆளுங்க, வங்காளிங்க எல்லாரும் உண்டு. அந்த வீடியோவைப் பாத்துட்டு சில வெளிநாட்டுப் பத்திரிகையில, இவங்க உண்மையான ரசிகர்கள் இல்ல, கூலிக்கு ஜெர்ஸி மாட்டி விட்ட ஆளுங்கன்னு எழுதியிருக்காங்க. தோல் நிறத்தைப் பாத்து எழுதினதுதான், வேற ஒண்ணும் இல்ல.

எனக்கு ராத்திரி சோறு இறங்கல. அந்த ஜெர்ஸி நான் 2018-ல என் சம்பளத்துல வாங்கினது. 2014 ஃபைனல்ல ஜெர்மனிக்காரன் மரியோ கோட்ஸே 113-ஆவது நிமிஷத்துல கோல் போட்டப்ப எங்க அப்பா வெளிய போய்க் கடலைப் பாத்துக்கிட்டு விடியறவரைக்கும் நின்னார். அம்மை போய்க் கூப்பிட்டும் வரல. அதுக்கு அவருக்கு ஆர் கூலி கொடுத்தா?


பி.டி. வாத்தியார் | கோட்டாறு | 19 நவம்பர், காலை 7.00

தம்பி, வருந்தாதே. நம் நாடு இன்றுவரை உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 1950-ல் பிரேசிலுக்குப் போக இடம் கிடைத்தும் இந்தியா போகவில்லை. அதன் பிறகு தகுதி பெறவே இல்லை. பந்தை நேசிக்கிறவன் என்ன செய்வான்? தன் மனசுக்கு உகந்த ஆட்டத்தை ஆடுகிற அணியைத் தன் அணியாக எடுத்துக்கொள்கிறான். நம் கடற்கரையில் இது மூன்றாவது தலைமுறை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-20-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் இருந்தவர். எல்லையைத் தாண்டினால் பொழியூர், அங்கே மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் எத்தனை பேர்! இந்த மண்ணில் பந்து பற்றிப் பேசுவதற்கு யாரும் யாருக்கும் சான்றிதழ் காட்டத் தேவையில்லை.

நீ முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எதைப் பார்ப்பது? முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டிவி பந்தை மட்டும்தான் காட்டும். மேல்தட்டில் உட்காரும் உனக்கு முழு மைதானமும் ஒரே பார்வையில் கிடைக்கும். கோடி ரூபாய் கேமராவுக்குக் கிடைக்காத இடம் அது. முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதே. மெஸ்ஸியை மட்டும் பார். பெரும்பாலும் நடந்துகொண்டுதான் இருப்பார். பார்ப்பவர்கள் சோம்பல் என்பார்கள். அவர் தலையைப் பார். இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் ஆள் இல்லை என்று கணக்கெடுக்கிறார். அடுத்து, தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல ஏறி இறங்குவதைப் பார். அதை டிவியில் நான் ஒருபோதும் முழுதாகப் பார்த்ததில்லை. கோல் வரும்போது நீ பந்தைத்தான் பார்ப்பாய், அதை நான் சொல்ல வேண்டாம்.

போனில் சார்ஜ் நிறைய இருக்கட்டும், டிக்கெட் அதற்குள்தான். கதவு மூன்று மணி நேரம் முன்பே திறப்பார்கள் என்று படித்தேன், திறந்ததும் போய்விடு. ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்றுவதைப் பார்ப்பதும் பாதி ஆட்டம்.


பதினொண்ணாம் நம்பர் | மணக்குடி | 22 நவம்பர், மாலை 6.05

அண்ணா இருக்கீங்களா? காலேஜ்ல இருந்து ஓடி வந்து பாத்தேன். சவுதி 2, அர்ஜென்டினா 1. எனக்கு இன்னும் நம்ப முடியல. 36 ஆட்டம் தோக்காம வந்தவங்க.

நான் இடது விங் ஆடுறவ, ஆஃப்சைடுக்காக (பந்து வரும் முன்னாலயே எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நிக்கிறது) எத்தனையோ தடவை திட்டு வாங்கினவ, அதனால சொல்றேன். இன்னைக்கு முதல் பாதியில மூணு கோல் ஆஃப்சைடுன்னு தள்ளினாங்க. கூரைக்குக் கீழ 12 கேமரா, பந்துக்குள்ள நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்புற சென்சார், அதனால தோள்பட்டை அளவு தாண்டினாலும் மாட்டிக்கிடும். சவுதி பின்வரிசை அவ்வளவு மேல ஏறி நின்னது பெரிய தைரியம். தப்பியிருந்தா அஞ்சு வாங்கியிருப்பாங்க. தோத்த வருத்தத்திலயும் அந்தத் தைரியத்தை மதிக்கணும்.

மெக்சிகோகிட்டயும் தோத்தா வீட்டுக்குத்தான். அண்ணா, நீங்க பாக்கப் போறது சாதாரண ஆட்டம் இல்ல.


நீரோடிப் பையன் | 22 நவம்பர், இரவு 9.30

இருக்கேன்மா. சைட்ல இருந்தேன், ஒரு ஃபிளாட்ல கம்ப்ரசர் மாத்திக்கிட்டு இருக்கும்போது வீட்டுக்கார எகிப்துக்காரர் டிவியில பாத்தேன். கையில ஸ்பானரோட அப்படியே நின்னுட்டேன். அவர் என்னைப் பாத்துட்டு ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து தந்தார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "1990-லயும் முதல் ஆட்டம் கேமரூன்கிட்டத் தோத்தோம், ஃபைனல் போனோம்"னு சொன்னார். குரல் ஒண்ணும் கலங்கல. அப்புறம், "சனிக்கிழமை நீ போற இல்லியா, பின்ன என்ன"ன்னார்.


சூரைவலை | 25 நவம்பர், காலை 11.40

கரைக்கு வந்துட்டோம், நெனச்சதைவிட முன்னாலயே. ராத்திரி வயர்லெஸ்ல ரிச்சார்லிசன் ரெண்டுன்னு வந்துது. ரெண்டாவது கோல் அந்தரத்துல திரும்பி அடிச்சதாம், இப்பம்தான் போன்ல பாத்தேன். பாத்துக்கிட்டே இருக்கேன். நெய்மருக்குக் காலு போச்சுன்னு சொல்லுதாவ, அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

மக்கா, நாளைக்கு ராத்திரி உனக்க வீட்டு முற்றத்துலதான் பெரிய திரை. நானும் வாறேன். மஞ்சச் சட்டை போட்டுத்தான் வருவேன், உனக்க அம்மைகிட்டச் சொல்லி வை.


நீரோடிப் பையன் | 27 நவம்பர், பிற்பகல் 3.15

இப்பதான் எழும்பினேன். தொண்டை போயாச்சு. ஒண்ணும் விடாம எழுதச் சொன்னீங்க, முடிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பினேன். மெட்ரோவுல சிவப்பு லைனுக்கு இந்தக் கோடி வக்ரா, அந்தக் கோடி லுசைல். ரசிகர்களுக்குக் கொடுத்த ஹய்யா கார்டு இருந்தா மெட்ரோ டிக்கெட் வேண்டாம். வக்ராவுல ஏறும்போது பெட்டி காலி, நாலாவது ஸ்டேஷன் தாண்டினதும் மூச்சு விட இடமில்ல. பாதி நீலம் வெள்ளை, பாதி பச்சை. எனக்கு எதிர்ல பெரிய வட்டத் தொப்பி வச்ச ஒரு மெக்சிகோ தாத்தா. எந்த ஊருன்னு கையைக் காட்டிக் கேட்டார். போன்ல மேப்பைத் திறந்து இந்தியாவோட கீழ் நுனியைக் காட்டினேன். அவர் விரலை வச்சு அந்த நுனியில இருந்து தோஹா வரைக்கும் இழுத்தார், அப்புறம் மெக்சிகோவுல இருந்து தோஹா வரைக்கும் இழுத்தார், நான்தான் ஜெயிச்சேன்னு நெஞ்சில தட்டிக்கிட்டுச் சிரிச்சார்.

ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததும் தூரத்துல ஸ்டேடியம். பொன் நிறத்துல விளக்கேத்தி வச்ச பெரிய உருளி மாதிரி இருந்துச்சு. காலு நடக்கவே இல்ல, ஓடுச்சு. சோதனை முடிச்சுப் படி ஏறி, ஏறி, ஏறி, கடைசிப் படியைத் தாண்டினதும் கீழ பச்சைப் புல். அந்தப் பச்சையை எந்த டிவியும் காட்டினதில்ல. நான் அங்கேயே நின்னுட்டேன், பின்னால வந்தவங்க தோளைத் தட்டி ஒதுங்கச் சொன்ன அப்புறம்தான் நகர்ந்தேன்.

உட்கார்ந்ததும் அண்ணன் சொன்ன மாதிரி மேல பாத்தேன். வலையேதான் அண்ணே. எங்க அப்பா வலையைக் காயப்போட நாலு பக்கமும் இழுத்துக் கட்டுற மாதிரி, நடுவுல மட்டும் வட்டமா வானம். அப்புறம் என் தொழில் புத்தி விடல, குனிஞ்சு இருக்கைக்குக் கீழ பாத்தேன். குளிர்காத்து வாறதுக்கு அங்கேயே வழி வச்சிருக்காங்க. குளிர்ந்த காத்து கனம், கீழேயே தங்கும். அதனால ஆள் இருக்கிற உயரத்துக்கு மட்டும் குளிர வச்சா போதும், மேல உள்ள வானத்தைக் குளிர வைக்க வேண்டாம். நல்ல வேலை. நவம்பர் ராத்திரிக்கு அது தேவையே படல.

வாத்தியார் சொன்னபடி முதல் பத்து நிமிஷம் மெஸ்ஸியை மட்டும் பாத்தேன். நடக்கிறார் சார், சத்தியமா நடக்கிறார். தலை மட்டும் திரும்பிக்கிட்டே இருக்கு. முதல் பாதி பயம் பூரா இருந்துச்சு. மெக்சிகோக்காரங்க சத்தம் காதைப் பிளக்குது, பந்து எங்கேயும் போகல. இடைவேளையில என் பக்கத்துல இருந்த அர்ஜென்டினா அக்கா ஒருத்தங்க ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்க அம்மையும் அதே நேரம் அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்திருப்பா.

64-ஆவது நிமிஷம். டி மரியா வலது பக்கத்துல இருந்து நடுவுக்குத் தள்ளினார். மெஸ்ஸிக்கு முன்னால ஆள் இல்ல. மேல இருந்த எனக்கு அந்தக் காலியிடம் பந்து போறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுச்சு வாத்தியாரே. ஒரு தடவை தொட்டார், இடது கால்ல தரையோட அடிச்சார். மெக்சிகோ கோலி ஒச்சோவா பாஞ்சும் கை எட்டல. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் நான் எங்க இருந்தேன்னு எனக்கே தெரியல. அந்த அக்கா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறாங்க, நானும் அழுறேன்.

கிளம்பும்போது அப்பா, "போனைக் கீழ வச்சிட்டு எனக்கும் சேத்துக் கண்ணால பாரு"ன்னு சொல்லியிருந்தார். ஆனா கை தானாப் போயிருச்சு, போன் போட்டுட்டேன். எடுத்தார். ஊர்ல படம் அரை நிமிஷம் பிந்தித்தான் வருதுன்னு அந்த நேரம்தான் எனக்கு உறைச்சுது. அங்க இன்னும் கோல் விழல. என் பின்னால கேட்ட இரைச்சல்ல அப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு. நானும் சொல்லல, அவரும் கேக்கல. ரெண்டு பேரும் லைன்ல அப்படியே நின்னோம். கொஞ்ச நேரம் கழிச்சு எங்க முற்றம் அலறுச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் போனை வச்சேன்.

87-ல என்சோ பெர்னாண்டஸ் வளைச்சு மேல் மூலையில போட்டது இன்னும் அழகு, ஆனா அதுக்குள்ள எனக்கு அழுகை தீர்ந்துபோச்சு, சிரிப்புதான். கூட்டம் 88,966ன்னு அறிவிச்சாங்க. 1994 ஃபைனலுக்கு அப்புறம் உலகக் கோப்பையில இவ்வளவு கூட்டம் இல்லியாம். அதுல ஒருத்தன் நீரோடிக்காரன்.

திரும்பி வர மெட்ரோவுக்கு வளைச்சு வளைச்சு வரிசை. கேம்புக்கு வரும்போது மூணு மணி. இன்னைக்கு நைட் ஷிஃப்ட்டுக்கு மாத்திக் கேட்டிருந்தேன், அதனால தூங்க முடிஞ்சுது.


பி.டி. வாத்தியார் | கோட்டாறு | 27 நவம்பர், மாலை 4.40

அந்தக் காலியிடம் பந்துக்கு முன்பே தெரிந்தது என்று எழுதினாயே, அந்த வரியை நாளை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். நேற்றைய ஆட்டத்தோடு மெஸ்ஸி உலகக் கோப்பையில் 21 ஆட்டம், 8 கோல். இரண்டிலும் மரடோனாவுக்குச் சமம். மரடோனா மறைந்த இரண்டாம் ஆண்டு நினைவு நாள் அதற்கு முந்தைய நாள்தான். உன் அப்பாவிடம் சொல்.


பதினொண்ணாம் நம்பர் | மணக்குடி | 27 நவம்பர், மாலை 5.10

அண்ணா, அந்த ஃபோன் இடத்தை எங்க டீம் குரூப்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். என்சோ அடிச்ச மாதிரி உள்பாதத்துல வளைக்க இன்னைக்குச் சாயங்காலம் நாப்பது தடவை முயற்சி பண்ணினேன். ரெண்டு விழுந்துச்சு.


சூரைவலை | வள்ளவிளை | 27 நவம்பர், இரவு 8.20

அந்த முற்றத்துல நானும் இருந்தேன் மக்கா. உனக்க அப்பா போனைக் காதுல வச்சுக்கிட்டு அசையாம நின்னாரு. ஆரோ செத்துப்போச்சுன்னு நெனச்சு நான் பக்கத்துல போனேன். கையைக் காட்டித் திரையைப் பாருன்னாரு. அப்பம்தான் டி மரியாகிட்டப் பந்து வந்துது. கோல் விழுந்ததும் என்னைத் தூக்கினாரு பாரு, 55 வயசு ஆளு, மஞ்சச் சட்டையோட என்னைத் தூக்கிட்டாரு.

அடுத்த ஆட்டம் போலந்து, 30-ஆம் தேதி ராத்திரி. அன்னைக்குக் கடப்புறத்துல பெரிய திரை கிடையாது. ஒக்கி வந்து அஞ்சு வருஷம். கோயில்ல பூசை, கடற்கரையில மெழுகுதிரி. எனக்க மச்சான் போனதும் அந்தப் புயல்லதான். பூசை முடிஞ்சு அவனவன் வீட்டுக்குள்ள சத்தமில்லாமப் பாத்துக்கிடுவோம். அவனும் அர்ஜென்டினாதான்.


தக்கலை அக்கா | 27 நவம்பர், இரவு 9.45

தம்பி, முழுசா வாசிச்சேன். எங்க தெருப் பையனோட அம்மைக்கும் கொஞ்சம் வாசிச்சுக் காட்டினேன். அந்த மெக்சிகோ தாத்தா கிட்ட வரும்போது சிரிச்சாங்க. நல்லா இருங்க.


நீரோடிப் பையன் | 27 நவம்பர், இரவு 10.05

அண்ணே, மன்னிக்கணும், எழுதுற வேகத்துல படத்தை விட்டுட்டேன். இதோ. ஆட்டம் தொடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னால, என் இருக்கையில இருந்து எதிர்ப் பக்க மேல்தட்டு. ஒரு இருக்கை காலி இல்ல. இரண்டாவது படம் நிமிர்ந்து கூரையை எடுத்தது.


அருமனை சாரக்காரன் | 28 நவம்பர், காலை 5.05

பாத்தேன் தம்பி. வலது ஓரத்துல, மாடிப்படி வாசல் மூணாவதா ஒண்ணு தெரியுது பாரு, அதுக்கு மேல நீலச் சட்டை போட்ட கூட்டம் இருக்கு. அங்கதான். அந்த இடத்துல நாங்க குழாய் பிரிச்சு இறக்கினது ஒரு பெருநாள் லீவுக்கு முந்தின நாள், அதனால நினைவு இருக்கு. பெரிசாக்கிப் பெரிசாக்கி என் மகளுக்குக் காட்டினேன். அப்பா எங்க நின்னீங்கன்னு கேட்டா, விரல் வச்சேன். அந்த விரலுக்குக் கீழ ஒரு சின்னப் பையன் கொடி ஆட்டிக்கிட்டு இருக்கான்.

வாட்ஸ்அப்ல வந்தா படம் மங்குது. மெயில்ல போடு, முழு அளவுல. மார்த்தாண்டத்துல கொடுத்துப் பிரேம் போடணும்.